புள்ளி வந்திருக்கு

சின்னக்கானல் எஸ்டேட் பங்களாவில் இரண்டு சாமியார்கள் குடியிருந்தார்கள். காவி உடம்பு. அதில் மூன்று இடத்தில் வெள்ளைப் பட்டை. கன்னத்துக்குப் பின்னால் ஒன்று, இடுப்பில் ஒன்று, வால் மூட்டில் ஒன்று என்று திருநீறு பூசின மாதிரி இருக்கும். மற்றச் சாமியார்கள் ஊர் ஊராகப் போவார்கள். இந்த இரண்டு பேரும் ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டியை விட்டு அசையாமல், வேளாவேளைக்கு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருந்தார்கள்.

மீன்கள்தான். லட்சத்தீவுப் பக்கம் பிடித்தவை. எஸ்டேட்டை நடத்துகிற துரை அவற்றுக்குச் சொன்ன இங்கிலீஷ் பேர் யார் வாயிலும் தங்கவில்லை. சாமியார் என்று பேர் வைத்தவர் பங்களாவில் சமைக்கிற பெரியமுத்து. பெரியது பெண், சின்னது ஆண் என்று துரை சொன்ன அன்றைக்கு மட்டும் அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "சாமியாருக்குப் பொஞ்சாதியா? அதுவும் புருசனைவிடப் பெருசா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பேரை மாற்றவில்லை.

ஐயாயிரம் அடிக்கு மேலே, ஆடிச் சாரலில் மனிதனுக்கே பல் கிட்டித்துப் போகிற இடத்தில் கடல்மீன் வளர்ப்பது லேசான காரியமா? கொச்சிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போகிற லாரி, திரும்பும்போது கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவரும். டிரைவர் அமிர்தநாதன் வாசலில் நின்று, "கடல் வந்துருச்சு, எறக்குங்கப்பா!" என்று குரல் கொடுப்பான். தண்ணீரைச் சூடாக வைக்க ஒரு கரண்டுக் குழல். காற்று ஊத ஒரு குட்டி மோட்டார். கரண்டு போய்விட்டால் வெந்நீர் அடைத்த புட்டிகளைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு, சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். உள்ளே கிடந்த பாறைகள்கூடச் சும்மாப் பாறைகள் இல்லை. அவற்றின் மேலே பாசியும், நகத்தளவுப் பூக்களும், பேர் தெரியாத புழுக்களும் குடும்பம் நடத்தின.

இந்தக் குடித்தனம் முழுவதையும் பார்த்துக்கொண்டவன் சுடலை.

சுடலை இருபது வருசம் மருந்தடிக்கிற கேங்கில் இருந்தவன். முதுகில் பம்பைக் கட்டி, இடது கையால் நெம்பி, வலது கையால் அடித்து, சரிவு சரிவாக ஏறி இறங்கினவன். மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் கிளம்பும். அதற்குத் தாமிரம் கலந்த நீல மருந்து. அந்த நாலு மாதமும் அவனுக்கு நகம் நீலம், எச்சில் நீலம். தோள்பட்டை தேய்ந்து, இடது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் போன பிறகு எஸ்டேட் டாக்டர் மூன்று மாதம் 'லைட் டியூட்டி' எழுதிக்கொடுத்தார். அந்த மூன்று மாதத்துக்குத்தான் தொட்டி வேலை.

துரை இரண்டு வார லீவில் ஊருக்குப் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி சொன்னார்:

"சுடலை, நான் வர்றப்ப ரெண்டும் இதே மாதிரி நீந்திட்டிருந்தா தொட்டி வேலை உனக்கே. இல்லேன்னா பழையபடி பம்பைத் தூக்கிக்கோ."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுடலையின் தோள்பட்டைக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தொட்டிமேல் போர்த்தியிருந்த கம்பளியை விலக்கினான். பெரிய சாமியாரின் மேலே நாலு புள்ளி. கறுப்பு. மிளகைத் தட்டித் தூவின மாதிரி, இடுப்புப் பட்டைக்கும் வால் பட்டைக்கும் நடுவே.

"அண்ணாச்சி! இங்க வாங்க!"

பெரியமுத்து கரண்டியும் கையுமாக ஓடிவந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்.

"லேய், இது அம்மைல்லா! வேப்பெலை கட்டணும்."

"மீனுக்கா அண்ணாச்சி?"

"சாமியாருக்கு அம்மை வராதுன்னு எங்கயாவது எழுதியா வச்சிருக்கு?"

அந்தக் குளிரில் வேப்பமரம் கிடையாது. போடியிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. பெரியமுத்து அவசரத்துக்கு ஒரு கொத்துத் தேயிலையை ஒடித்து வந்து தொட்டி மூலையில் கட்டினார். "ரெண்டும் கசப்புத்தானே, ஆத்தா கோவிக்க மாட்டா" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

சுடலைக்கு அம்மையில் நம்பிக்கை இல்லை. இருபது வருசம் புள்ளி பார்த்த கண் அவனுக்கு. இலையில் புள்ளி வந்தால் கொப்புளம். கொப்புளம் வந்தால் நீல மருந்து. கொட்டகைக்குப் போய் டின்னைத் திறந்து, ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டான். இலைக்கு ஒரு அளவு என்றால் மீனுக்கு ஒரு சிட்டிகை போதாதா? மூடும்போது டின்னின் மேலே கண் போயிற்று. இருபது வருசம் அந்த டின்னைச் சுமந்தவன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது. நாற்பது வயதுக்குப் பிறகு யூனியன்காரர்கள் நடத்திய வகுப்பில்தான் அவனுக்கு எழுத்து வந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்தான்.

"கு... ளம்... ஓ... டை... மீன் உள்ள நீ... ரில்... க... லக்காதே."

மருந்துப் பம்பைக் கழுவின ஓடையில் கெண்டைக் குஞ்சுகள் வயிறு தெரிய மிதந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மருந்து போட்டால் செத்துப்போகுமோ? போடாவிட்டால் புள்ளியில் செத்துப்போகுமோ? மடித்த காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்கு நடந்தான்.

கொச்சியில் ஒரு காலேஜில் பாடம் நடத்துகிற மீன் மாஷ்தான் துரைக்கு இந்த மீன்களைக் கொடுத்தவர். அவரைக் கேட்டால் தெரியும். ஆபீஸ் போனைத் தொட கிளார்க் குட்டப்பன் யாரையும் விடமாட்டார். விசயத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தால் டிரங்க் கால் போட்டு அவரே வாசிப்பார். கீழ்நாட்டு மலையாளி, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

சுடலை பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான். 'பெரிய சாமியார் மீன் மேல் கறுப்புப் புள்ளி வந்திருக்கு' என்று எழுதத்தான் நினைத்தான். கறுப்புக்கு எந்த 'று'? வல்லினமா, இடையினமா? இரண்டையும் எழுதிப் பார்த்தான். இரண்டும் சரி மாதிரியும் இருந்தது, தப்பு மாதிரியும் இருந்தது. அந்த வார்த்தையை அடித்தான். சாமியார் என்றால் மாஷுக்குப் புரியாது, அதையும் அடித்தான். மீன் மாஷுக்கு மீனைத் தவிர வேறு எதைப் பற்றி எழுதப்போகிறோம் என்று மீனையும் விட்டுவிட்டான். கடைசியில் தாளில் நின்றது இவ்வளவுதான்:

புள்ளி வந்திருக்கு. என்ன செய்ய?

ஒரு மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. குட்டப்பன் போனுக்குள் விழுந்துவிடுவது போல் குனிந்து கத்தினார்.

"மாஷே! இது சின்னக்கானலிலிருந்நா! புள்ளி வந்நிட்டுண்டு! எந்து செய்யணம்?"

அந்தப் பக்கம் என்னவோ கரகரத்தது. குட்டப்பன் ஒவ்வொன்றாகத் திரும்பச் சொன்னார். சுடலை மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஓ, வந்நது நன்னாயி... புள்ளிக்கு நல்ல ஊணு கொடுக்கணும்... சரி மாஷே... மருந்து மாத்திரம் கொடுக்கருது... ஹஹ்ஹா, மனசிலாயி... பத்து நாள் கழிஞ்ஞா புள்ளி தன்னே பொய்க்கோளும்... சரி, சரி."

போனை வைத்துவிட்டு அவர் சுடலையைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேட்டல்லோ? நல்லாச் சாப்பாடு போடணும். மருந்து கொடுக்கவே கூடாது. பத்து நாளில் தானாப் போயிரும்."

எதற்குக் கண்ணடிக்கிறார் என்று சுடலைக்கு விளங்கவில்லை. பெரிய ஆபீஸ்காரர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் நெஞ்சில் இருந்த பாறாங்கல் பாதி இறங்கிவிட்டது.

"நல்ல ஊணா?" என்றார் பெரியமுத்து. "சோறு, சாம்பார், அப்பளம், பாயசம். சாமியாருக்கு எலை போட்டுறவா?"

"வெளையாடாதீங்க அண்ணாச்சி. தண்ணி கெட்டுப்போகும்."

அமிர்தநாதன் ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்த இறாலை உரித்து, கொத்தமல்லி நறுக்குகிற மாதிரிப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒரு நாளைக்கு நாலு வேளை போட்டார்கள். பெரிய சாமியார் ஒரு துணுக்கை விடவில்லை. பெரியமுத்து தொட்டிமேல் குனிந்து, "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ தாயி" என்று உபசாரம் செய்தார்.

வெள்ளிக்கிழமை எண்ணினான். நாலு புள்ளி ஏழாகியிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவன் மனைவி பூமாரி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போகிற வழியில் பங்களாப் பின்வாசலுக்கு வந்தாள். தலையில் சாக்கு, இடுப்பில் படுதா, இரண்டிலும் மழை சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு முன்னால் சுடலை குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கையில் அந்த மடித்த காகிதம். நீலப் பொடி உள்ளங்கையில் உதிர்ந்திருந்தது.

"மாஷு போடக்கூடாதுன்னாருன்னு சொன்னீக?"

"கூடிக்கிட்டே போகுது பூமாரி. மாஷு கொச்சியில இருக்காரு. புள்ளி இங்கல்லா இருக்கு? இன்னும் எட்டு நாள்ல துரை வந்துருவாரு. எனக்குப் பம்பு தூக்க ஏலாது."

பூமாரி இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்துக் கிடந்தன. 

"இந்தா, இங்கயும் புள்ளி வந்துருக்கு. இதுக்கும் மருந்தடிப்பீகளா?"

"கூறுகெட்டவளே, அது வேலை செஞ்ச கறை."

"நான் கல்யாணமாகி வந்த முத வாரம் எப்படி இருந்துச்சு? விரலெல்லாம் கிழிஞ்சு, கறுத்து, எரிஞ்சு... தொழுநோய்னு நெனச்சு ஒங்க அம்மைக்கிட்டப் போய் அழுதேம்லா? ஒரு மாசத்துல தோல் காச்சுப்போச்சு, எரிச்சலும் போச்சு. இது என்ன வேலை செய்யுதுன்னு பாத்தீகளா?"

சொல்லிவிட்டு, கட்டஞ்சாயா கேட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மீனுக்கு என்ன வேலை? சுடலை அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே பார்த்தான். அதுவரை புள்ளியைத்தான் பார்த்திருந்தான், மீனைப் பார்க்கவில்லை.

தொட்டியின் நடுவே ஒரு கடல் சாமந்தி இருந்தது. பூ மாதிரி இருக்குமே தவிர, அதுவும் ஒரு பிராணி. ஊதா நுனி வைத்த நூறு விரல்கள் அதற்கு. துரை புறப்படுவதற்குப் பத்து நாளைக்கு முன்னால் அமிர்தநாதன் மூடி போட்ட வாளியில் புதிதாகக் கொண்டுவந்தது. அதை இறக்கிவிடும்போது சுடலையின் மணிக்கட்டில் ஒரு விரல் பட்டு, காஞ்சொறி இலை பட்ட மாதிரி நாள் முழுக்க அரித்தது. பெரிய சாமியார் இப்போது அந்தப் பூவுக்குள்தான் புரண்டுகொண்டிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, விலாவை அந்த விரல்களில் தேய்த்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வந்து சாய்ந்தது. புள்ளி இருந்த இடமும் சாய்ந்த இடமும் ஒன்றே. சின்னச் சாமியாருக்குத் துணிச்சல் போதாது. பூவின் ஓரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. அதன் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

நோய் என்றால் பக்கத்துச் செடிக்கும் தாவ வேண்டும். மருந்தடிக்கிறவனுக்கு அது முதல் பாடம். தாவவில்லை. சாப்பாடு குறையவில்லை. மூச்சு வாங்கவில்லை. செதில் உப்பவில்லை.

"பூமாரி! ஏய் பூமாரி!" என்று அவன் போட்ட சத்தத்தில் பெரியமுத்து கரண்டியைக் கீழே போட்டார். "இது புதுசாக் கொழுந்தெடுக்கப் போனவ கை!"

"அதைத்தான நான் அப்பவே சொன்னேன்" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

சுடலை வெளியே போய், மடித்த காகிதத்தை உதறி, சரிவில் நின்ற ஒரு தேயிலைச் செடியின் மேலே நீலப் பொடியைத் தூவிவிட்டு வந்தான். மழை அதைக் கரைத்து இலைக்குக் கொடுத்தது. சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தது.

அதற்கு அடுத்த புதன்கிழமை ஏழு புள்ளி ஐந்தாயிற்று. வெள்ளிக்கிழமை மூன்று. சனிக்கிழமை காலையில் ஒன்றே ஒன்று, அதுவும் வெளுத்த துணியில் மிச்சமிருக்கிற சாயாக்கறை மாதிரி.

அன்றைக்குப் பதினொரு மணி இருக்கும். முழங்கால் வரை சேறோடு ஒரு ஆள் பங்களா வாசலில் வந்து நின்றான். கையில் ஓலைக்கூடை, தோளில் ஈரத் துண்டு, முகத்தில் நல்ல சிரிப்பு.

"ஞான் பைலி. கொச்சியில் மாஷ் அயச்ச புள்ளி."

சுடலைக்குத் தலை சுற்றியது. "என்ன புள்ளி?"

"ஞான் தன்னே. புள்ளி."

"புள்ளி போயிட்டிருக்கே..."

"போகணோ? ஞான் இப்பத்தானே வந்நது!"

இந்த நேரத்தில்தான் துரையின் ஜீப் வளைவில் திரும்பி, வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே கையெழுத்து வாங்கவேண்டிய காகிதக் கட்டோடு குட்டப்பனும் குடைபிடித்து ஏறி வந்தார்.

துரை இறங்கினதும் முதலில் பைலியைத்தான் பார்த்தார். "நீ பத்து நாளைக்கு முன்னாடியே வந்துட்டதா மாஷ் எழுதியிருந்தாரே? நல்லாச் சாப்பாடு போடச் சொன்னதாவும் எழுதியிருந்தாரே?"

பைலி தலையைச் சொறிந்தான். வருகிற வழியில் கோதமங்கலத்தில் உடன்பிறந்தாள் வீடு. அங்கே சர்ச்சில் பெருநாள். அப்புறம் மழை. அப்புறம் மழை விட்டது. அதனால் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டான்.

குட்டப்பன் குடையை மடக்காமல் நின்றார். சுடலையைப் பார்த்தார், பைலியைப் பார்த்தார். "அப்போ அன்னைக்குப் புள்ளி வந்துருக்குன்னு எழுதினது... இந்தப் புள்ளியைப் பத்தி அல்லே?"

"மீன்மேல வந்த புள்ளி சார்!"

குட்டப்பனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மலையாளத்தில் 'புள்ளி' என்றால் ஆள் என்றும் சொல்லலாம். 'அந்தப் புள்ளி வந்தான், இந்தப் புள்ளி போனான்' என்று பேசுவார்கள். இதை அவர் மூச்சுவாங்கச் சொல்லி முடித்தபோதுதான் சுடலைக்குக் கண் திறந்தது. தண்ணீரின் உப்பைச் சோதிக்க மாஷ் ஒரு ஆளை அனுப்பியிருந்தார். ஆள் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அவனுக்கு ஊணு போடச் சொன்னார். அவனுக்குத்தான் பத்து நாள் கணக்கு.

"அப்ப மருந்து கொடுக்கக் கூடாதுன்னது?"

குட்டப்பன் பெருவிரலை வாய்க்கு நேரே சாய்த்து, சாராயம் குடிக்கிற மாதிரி காட்டினார். அன்றைக்குக் கண்ணடித்ததற்கு அர்த்தம் அது.

"மாஷ் அங்ஙனே பறஞ்ஞோ?" என்று பைலிக்கு மனசு வருந்திப்போயிற்று. "எனக்கு மருந்து கொடுக்கருதுன்னோ?"

பெரியமுத்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தே விட்டார். "அடப்பாவிகளா, ஒனக்குப் போட வேண்டிய சோத்தை எல்லாம் மீனுக்குல்லா போட்டோம்!"

துரை மட்டும் சிரிக்கவில்லை. "எந்த மீன்மேல புள்ளி?" என்று கேட்டபடி உள்ளே போனார். எல்லோரும் பின்னால் போனார்கள். சுடலைக்குத் தோள்பட்டை வலிக்க ஆரம்பித்தது.

துரை தொட்டிக்கு முன்னால் குனிந்தார். பெரிய சாமியார் பூவின் நடுவே மெத்தைபோட்டுப் படுத்திருந்தது. சின்னதும் இப்போது துணிந்து உள்ளே வந்துவிட்டது. வந்த மறுநாளே அதன் வாலருகே புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி.

"இது என்ன?"

"அது இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்துருக்குங்க துரை" என்றான் சுடலை. பூமாரியின் விரலில் தொடங்கி, பக்கத்துச் செடி கணக்கு வரைக்கும் முழுவதும் சொன்னான். சட்டைப்பையில் நீல மருந்து வைத்திருந்ததையும் மறைக்கவில்லை.

பைலி கண்ணாடிக்கு அருகே போய்க் கூர்ந்து பார்த்தான். கடலில் மூழ்கி மூழ்கி இந்த மீன்களைப் பிடித்தவனே அவன்தான். "சரி தன்னே. புதிய பூவில் கேறின மீனுக்கு இது வரும். பூவு கொட்டின அடையாளம். பழகியா மாறும்." பிறகு சுடலையின் பக்கம் திரும்பி, "அந்த மருந்து கலக்கியிருந்நா பூவும் பாறையும் மொத்தம் செத்தே. நாளைக்கு மீனும்" என்றான்.

துரை நிமிர்ந்தார். இரண்டும் நீந்துகின்றனவா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

"டாக்டர் கொடுத்த லைட் டியூட்டி சீட்டு எங்கே?"

"வீட்டுல இருக்குங்க."

"கிழிச்சுப் போடு. இனிமே அது உனக்குத் தேவையில்லை. இதுதான் உன் டியூட்டி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பூமாரியைச் சாயங்காலம் வரச்சொல்லு. டாக்டருக்குச் சொல்ற மாதிரி அவளுக்கும் ஒரு நன்றி சொல்லணும்" என்றார்.

பூமாரி வந்தாள். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் வந்தாள். துரை கேட்ட பிறகு வெளியே எடுத்துக் காட்டினாள். அன்றைக்குப் பெரியமுத்து சோறு, சாம்பார், அப்பளம், பாயசம் எல்லாம் செய்து, பைலிக்கு இலை போட்டார். பைலி பாக்கியிருந்த பத்து நாள் சோற்றையும் ஒரே இலையில் சாப்பிட்டான்.

அடுத்த வாரம் புதன்கிழமை சுடலை மறுபடி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலை நாக்கில் தொட்டான். இந்தத் தடவை ஒரு வார்த்தையையும் விடுவதாக இல்லை.

"சார், கறுப்புக்கு எந்த 'று'?"

"ஞங்களுக்கு வல்லியது" என்றார் குட்டப்பன்.

சுடலை வல்லினத்தையே போட்டான். குட்டப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். முதலில் ஒரு தடவை தனக்குள்ளே படித்துச் சிரித்து முடித்துவிட்டு, அப்புறம் கொச்சிக்கு லைன் போட்டு, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்:

"பெரிய மீன் மேல் இருந்த கறுப்புப் புள்ளி போய்விட்டது. நீங்கள் அனுப்பிய ஆள் புள்ளி இன்னும் போகவில்லை. தினமும் நல்ல ஊணு கொடுக்கிறோம்."